ஓனிட்டாமா: சீட்டு நல்லா விழுந்தா ஜெயிக்கலாம், அவ்வளவுதானா?

கேள்வி, ஜூன் 7

"பிள்ளைகளுக்காக ஓனிட்டாமா வாங்கினேன். சண்டைக்கலை விளையாட்டு என்றார்கள். விளையாடிப் பார்த்தால் நல்ல சீட்டு யாருக்கு விழுகிறதோ அவன் ஜெயிக்கிறான். இதில் மூளைக்கு என்ன வேலை? நம்ம ஆடு புலி ஆட்டமே மேல். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்." (தென்காசிப் பக்கத்து வாசகர்)

ஜூன் 7, இரவு

சீட்டு விழுவதில் யோகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த யோகம் முதல் காய் நகரும் முன்பே முடிந்துவிடும். பெட்டியில் 16 சீட்டு. கலைத்து ஐந்தை எடுக்கிறோம். ஆளுக்கு இரண்டு, ஓரத்தில் ஒன்று. மீதி 11-ஐப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம், இந்த ஆட்டத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. ஐந்தும் முகம் தெரியத்தான் கிடக்கும். எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

பலகை ஐந்துக்கு ஐந்து. ஆளுக்கு ஐந்து காய். கடைசி வரிசையில் நடுவே வாத்தியார், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பிள்ளைகள். பெட்டியில் வேறு பெயர் போட்டிருக்கும், எங்கள் வீட்டில் வாத்தியார், பிள்ளைகள்தான். எந்தக் காய்க்கும் சொந்த நடை கிடையாது. சதுரங்கக் குதிரை கடைசி வரை குதிரையாகவே இருக்கும். இங்கே ஒரே பிள்ளை இந்த முறை புலி, அடுத்த முறை நண்டு. சீட்டு சொல்கிறபடி நடக்க வேண்டும். புலி என்றால் முன்னால் இரண்டு கட்டம், இல்லையென்றால் பின்னால் ஒன்று. நண்டு முன்னால் ஒன்று, இல்லையென்றால் பக்கவாட்டில் இரண்டு. குரங்கு நாலு மூலைக்கும் ஒவ்வொரு கட்டம்.

எதிராளியின் வாத்தியாரை வெட்டினால் ஜெயிப்பு. அதற்குக் கல்லின் வழி என்று பெயர். நம் வாத்தியார் நடந்து போய் எதிராளி வாத்தியார் முதலில் நின்ற வாசல் கட்டத்தில் ஏறினாலும் ஜெயிப்பு, அது ஓடையின் வழி.

சூட்சுமம் ஒன்றுதான். நீங்கள் விளையாடிய சீட்டு உடனே எதிராளி கைக்குப் போய்விடும். எந்த அடியை அடித்தீர்களோ அதே அடி உங்களுக்குத் திரும்பி வரும். செய்தவர் ஜப்பான்காரர், ஷிம்பெய் சாட்டோ. வெளிவந்தது 2014-ல்.

ஜூன் 8, காலை

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் 'உடனே' என்று எழுதிவிட்டேன். தப்பு. விளையாடிய சீட்டு முதலில் ஓரத்துக்குப் போகும், ஓரத்தில் இருந்த சீட்டு நம் கைக்கு வரும். எதிராளி தன் கையில் உள்ள இரண்டில் ஒன்றை விளையாடி முடித்த பிறகுதான் நாம் போட்ட சீட்டை எடுப்பார். அதை நம்மேல் பிரயோகிக்க அவருக்கு அடுத்த முறைதான் வரும். நடுவில் நமக்கு ஒரு நகர்த்தல் இருக்கிறது.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இல்லை. ஆட்டமே அந்த ஒரு நகர்த்தலில்தான் இருக்கிறது. எனக்கு அது எப்படி உறைத்தது என்பதை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன், மானம் போகிற கதை.

ஜூன் 8, மத்தியானம்

பெட்டி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வாங்கவில்லை. நண்பர் வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் 25 கட்டம் போட்டேன். ஒரு பக்கம் நாலு புளியமுத்து, வாத்தியாருக்குக் கொட்டைப்பாக்கு. மறுபக்கம் நாலு சோழி, வாத்தியாருக்கு ஐந்து ரூபாய். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் 16 சீட்டு. வரைந்தது அக்கா மகள், ஏழாம் வகுப்பு. பெயர் எதுவும் எழுதவில்லை, கட்டமும் புள்ளியும்தான். "பார்த்தாலே தெரியும் மாமா" என்றாள்.

டிராகனுக்கு மட்டும் எங்கள் வீட்டில் யாளி என்று பெயர். கோவில் தூணில் பார்த்துப் பழகிய முகம், பிள்ளைகளுக்கு வாயில் நிற்கிறது. இரண்டு பக்கமும் பாய்ந்து பாய்ந்து போகும்: முன்னால் ஒன்று, அங்கிருந்து பக்கவாட்டில் இரண்டு. பின்வாங்கும்போது மட்டும் குறுக்கே ஒவ்வொரு கட்டம்.

ஜூன் 15

மானம் போன கதை.

என் வாத்தியார் வாசலை விட்டு அசையவில்லை. அவருக்கு நேர் முன்னால் ஒரு புளியமுத்தை மதில் மாதிரி நிறுத்தியிருந்தேன். கையில் புலியும் முயலும். வலது ஓரத்தில் என் பிள்ளை ஒன்று இரண்டாம் வரிசையில், அதற்கு நேரே இரண்டு கட்டம் தள்ளி அக்கா மகளின் சோழி. புலியைப் போட்டேன், வெட்டினேன், சோழியைத் தூக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஓரத்தில் கிடந்த கொக்கு என் கைக்கு வந்தது.

அவள் அவசரப்படவில்லை. கும்பிடுபூச்சியைப் போட்டு இன்னொரு சோழியைக் குறுக்கே ஒரு கட்டம் இறக்கி, பலகையின் நட்டநடுவில் வைத்தாள். என் மதிலுக்கு முட்டுக்கு முட்டு. வைத்துவிட்டு, நான் போட்ட புலியை எடுத்துக்கொண்டாள்.

என் பார்வை வலது மூலையில் இருந்தது. வெட்டிய பிள்ளைக்கு நேர் முன்னால் அங்கே இன்னொரு சோழி. கொக்கு முன்னால் ஒரு கட்டம் போகும். வெட்டினேன். தொடைக்கு அடியில் இரண்டு சோழி.

அவள் நடுவில் நின்ற சோழியை எடுத்து, என் மதிலுக்கு மேலாகத் தூக்கி, என் கொட்டைப்பாக்கின் தலையில் வைத்தாள். புலி. இரண்டு கட்டம்.

"நடுவுல ஆள் நிக்காம்லா!" என்று சத்தம் போட்டேன். "தாண்டிப் போலாம் மாமா. நீங்கதானே சொல்லித் தந்திய."

ஆமாம், நான்தான் சொல்லித் தந்தேன். இந்த ஆட்டத்தில் நடுவில் யார் நின்றாலும் தடை இல்லை. போய் இறங்கும் கட்டத்தில் நம் காய் இருக்கக் கூடாது, பலகையை விட்டு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். மதில் கட்டுவதெல்லாம் வேலைக்காகாது.

ஆனால் எனக்கு வயிறு எரிந்தது அதற்கில்லை. மூலையில் செலவழித்தேனே அந்தக் கொக்கு, அதையே மதிலாக நின்ற புளியமுத்துக்குக் கொடுத்திருந்தால் ஒரு கட்டம் முன்னேறி நடுச்சோழியை வெட்டியிருக்கும். புலி அவள் கைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். நடுவில் எனக்கு ஒரு நகர்த்தலும் இருந்தது. அதைத்தான் மூலையில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

ஜூன் 16

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். "நீங்கள் ஐந்து சீட்டு என்கிறீர்கள். நாங்கள் மீதி 11-ஐ நடுவில் கவிழ்த்து வைத்து, ஒன்று போட்டால் ஒன்று எடுக்கிறோம். கையிலிருப்பதையும் காட்டமாட்டோம்."

அண்ணாச்சி, அது ரம்மி.

சீட்டு என்றதும் கை தானாகச் சீட்டுக்கட்டை நடுவில் கவிழ்த்துவிடுகிறது, பழக்கதோஷம். அப்படி விளையாடினால் நீங்கள் சொன்னதுதான் சரி, யோகம்தான் எல்லாம். அந்த ஐந்தே சீட்டு கடைசி வரை சுற்றி வரட்டும், திறந்தே கிடக்கட்டும். பத்து ஆட்டம் போட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஜூன் 16, கொஞ்ச நேரம் கழித்து

எத்தனை விதமாகச் சீட்டு அமையும் என்று ஒருவர் கேட்டார். 16-ல் ஐந்து எடுக்க 4,368 விதம்.

ஜூன் 17

4,368 பாதிக் கணக்கு. எந்த ஐந்து என்பது மட்டும் போதாது, எது யார் கையில், எது ஓரத்தில் என்பதும் சேர வேண்டும். ஒவ்வொரு ஐந்துக்கும் 30 விதம். ஆக 1,31,040. திருத்தியவள் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஏழாம் வகுப்பில் இதெல்லாம் சொல்லித் தருகிறார்களா?

ஜூன் 22

ஒரு பெரிய குளறுபடி. எங்கள் சீட்டுக்கட்டில் இரண்டு நல்ல பாம்பு. விலாங்கே இல்லை. விலாங்கு இடப்பக்கம் குறுக்கே முன்னும் பின்னும் போகும், நேர் வலப்பக்கம் ஒன்று. பாம்பு அதற்குக் கண்ணாடி. பிள்ளை இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிட்டாள். இரண்டு வாரமாக 15 சீட்டில்தான் விளையாடியிருக்கிறோம். ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக விலாங்கு வரைந்தேன். அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை, ராத்திரி சாப்பிடும்போதும் முகம் கொடுக்கவில்லை.

ஜூன் 29

கல்லிடைக்குறிச்சியிலிருந்து பெரியப்பா ஆற்றுப்பாலம் தாண்டி வந்திருந்தார். சின்ன வயதில் கம்பு சுற்றியவர். இப்போது முட்டுவலி, உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். இரண்டு ஆட்டம் வாய் திறக்காமல் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"ஏலே, நீ அடிச்ச அடியத்தான அவ திருப்பி அடிக்கா?"

"ஆமா பெரியப்பா."

"அப்படித்தாம்ல இருக்கும். ஒருத்தன் மேல ஒரு வீச்சு விட்டா, விழுந்தவன் அதைக் கத்துக்கிட்டுத்தான் எந்திரிப்பான். எங்க வாத்தியார் ஒரே ஒரு அடிய மட்டும் யாருக்கும் சொல்லித் தரல. செத்தும் போனாரு."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை. புலி கைக்கு வந்தால் அதைப் போடவே கூடாது. போடாத சீட்டு எதிராளிக்குப் போகாதே! அன்றைக்குச் சாயங்காலம் அப்படியே செய்தேன். இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். என் புலிக்கு நேரே இரண்டு கட்டத்தில் அவள் காயே வைக்கவில்லை.

ஆக என் தீர்ப்பு: நல்ல சீட்டைக் கையில் பூட்டி வை.

ஜூலை 1

போன தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன்.

மூன்றாவது ஆட்டத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். புலியைப் பூட்டி வைத்தால் எனக்கு மிஞ்சுவது ஒரு சீட்டு. ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்து எது வருகிறதோ அதை அடுத்த முறை போட்டே ஆக வேண்டும். அந்த ஓரத்துச் சீட்டு எது? அவள் போட்டது. அதாவது அடுத்த முறை நான் எதைப் போடுவேன் என்பதை அவள் முடிவு செய்கிறாள். காளையைக் கொடுத்தால் காளை, தவளையைக் கொடுத்தால் தவளை. இரண்டு சீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற சுதந்திரத்தை அடகு வைத்துவிட்டு, வாசலில் புலிப் படம் மாட்டி உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கம்பு வாத்தியார் செய்தது சரியா என்றும் யோசித்தேன். பெரியப்பாவிடம் கேட்கத் தைரியமில்லை.

இப்போது நான் பார்ப்பது இது: எந்தச் சீட்டால் வெட்டுகிறேன் என்பதை விட, எந்தச் சீட்டைக் கொடுக்கிறேன். ஒரே இடத்துக்குப் பன்றியாலும் போகலாம், நண்டாலும் போகலாம் என்றால் (இரண்டுமே முன்னால் ஒரு கட்டம் போகும்), அவள் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, அவளுக்கு உதவாததை விடுவேன். பல நேரம் நகர்த்தலைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குத்தான்.

ஜூலை 2

நகர்த்த வழியே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: காய் நிற்கட்டும், ஆனால் சீட்டு ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். வழி இருந்தால் நகர்த்தாமல் இருக்க முடியாது, நஷ்டமானாலும் சரி.

யார் முதலில் என்றால், ஓரத்தில் விழுந்த சீட்டின் முத்திரை எந்த நிறமோ அந்த நிறத்துக்காரர். எங்கள் பத்திரிகைச் சீட்டில் முத்திரை ஏது? பூவா தலையா போடுகிறோம், ஐந்து ரூபாய் வாத்தியாரை வைத்தே. முதலில் தொடங்குகிறவன்தான் ஜெயிப்பான் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். காலண்டர் தாளின் பின்னால் குறித்துக்கொண்டு வருகிறோம். இதுவரை ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதிகமாக ஜெயிப்பது யார் என்பதையும் அந்தத் தாள் சொல்கிறது, அது வேறு விஷயம்.

ஜூலை 6

அக்கா மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நுங்கு சீசன் முடிகிற நேரம், தேடிப் பிடித்து ஆறு வாங்கிக் கொடுத்தேன்.

அவள் வரைந்தது சரிதான். நான் சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்! விலாங்கைத் தலைகீழாகத் திருப்பினால் பாம்பு. நம்பாதவர்கள் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நான் கிழித்துப் போட்டது விலாங்கு, அதற்குப் பதிலாக உட்கார்ந்து வரைந்ததும் அதே விலாங்கு.

அன்றைக்குப் பதினாறையும் திண்ணையில் பரப்பித் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். காளையைக் கவிழ்த்தால் குதிரை. கும்பிடுபூச்சியைக் கவிழ்த்தால் கொக்கு. குரங்கு, வாத்து, சேவல் மூன்றும் எப்படித் திருப்பினாலும் அதே. மற்றவற்றைத் திருப்பினால் கட்டிலேயே இல்லாத ஒரு மிருகம் வருகிறது. புலியைத் திருப்பினால் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, பயந்த புலி.

ஆகையால் சீட்டை ஓரத்தில் வைக்கும்போது எதிராளியைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். நமக்கு முன் என்பது அவருக்கும் முன்னாக இருக்க வேண்டும் இல்லையா? கடைச் சீட்டில் எழுத்தும் படமும் இருப்பதால் இந்தச் சிக்கல் வராது. கையால் செய்கிறவர்கள் சீட்டின் அடியில் பெயரை எழுதிவிடுங்கள். அந்தப் பெயர் நேராகத் தெரிந்தால் சரி.

அப்படியானால் ஜூன் 15-ல் நான் தோற்ற ஆட்டத்தில் வந்தது உண்மையிலேயே கொக்கும் கும்பிடுபூச்சியும்தானா, தலைகீழாகப் பிடித்தோமா? அந்த ஆட்டம் செல்லாது என்று அறிவிக்கலாமா என்று கேட்டேன்.

"தோத்தது தோத்ததுதான் மாமா."

ஜூலை 13

குற்றாலத்தில் சாரல் என்று எல்லாரும் வண்டியேறிப் போய்விட்டார்கள். பாளையங்கோட்டையில் தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் நானே விளையாடிப் பார்த்தேன். எதிராளி என்ன நினைக்கிறான் என்று தெரிந்தும் தோற்கிறேன்.

கூடுதலாக 16 சீட்டுள்ள இன்னொரு பெட்டி இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டவருக்கு: இந்தப் பதினாறும் கைவசமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ஜூலை 20

ஆடு புலி மேலா, இது மேலா என்ற வாதத்தை மறுபடி கிளப்பியிருக்கிறார்கள். 3 புலி, 15 ஆடு, 23 முனை. அங்கே புலி தாண்டினால் ஆடு செத்தது. இங்கே தாண்டினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, போய் இறங்கும் கட்டத்தில் இருப்பவர்தான் போவார். அங்கே புலியை நகர விடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரன் ஜெயித்தான். இங்கே அடைப்பதில் லாபமே இல்லை. இரண்டும் இரண்டு விதம். விடுங்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பெரியப்பா இன்றைக்கு முதல் முறையாக விளையாட உட்கார்ந்தார். ஆடு புலியில் ஊறின கை. முதல் ஆட்டத்தில் அவள் வாத்தியாரைச் சுற்றி அடைக்கப் பார்த்தார். ஒவ்வொன்றாக வெட்டு வாங்கினார். "இது என்ன கூத்துல" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

இரண்டாவது ஆட்டத்தில் அவர் தன் கொட்டைப்பாக்கையே நகர்த்த ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் யாரும் வாத்தியாரை வாசலை விட்டு எடுப்பதில்லை, பயம். இவர் குரங்கால் குறுக்கே ஒரு கட்டம், இரண்டு முறை கழித்து யானையால் இன்னொரு கட்டம், ஓரமாகவே கொண்டுபோனார். அவள் பிள்ளைகளை வெட்டுவதில் மும்முரமாக இருந்தாள். இடையில் ஒருமுறை கொட்டைப்பாக்கு வெட்டுப்படும் இடத்தில் நின்றது, எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் கையில் அதற்கேற்ற சீட்டு ஓரத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. அதைப் போடுவதற்குள் அவர் விலகிவிட்டார்.

கடைசியில் கொட்டைப்பாக்கு அவளுடைய கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்துக் கட்டத்தில். ஐந்து ரூபாய் எப்போதோ வாசலை விட்டு வெளியே வந்திருந்தது. பெரியப்பா பன்றிச் சீட்டைத் தட்டினார். பக்கவாட்டில் ஒரு கட்டம்.

"பழம்!" என்றார், தாயம் விளையாடுகிற மாதிரி.

அவள் பலகையை உற்றுப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஆட்டம் முடிந்துவிட்டது, சீட்டை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. பெரியப்பா மாற்றினார். பன்றியை எடுத்து, பெயர் அவள் பக்கம் நேராகத் தெரியும்படி திருப்பி, திண்ணை ஓரத்தில் அவள் கை எட்டும் இடத்தில் வைத்தார்.